மருந்தாய்வுக்கு முன்வருவோர்

2011, 2012 ஆண்டுகளில் புத்தளம் பகுதியின் 141 குடியிருப்புகளில் களப்பணியாளர் சிலர் வினாத்தாள் ஏந்தி வீடு வீடாக நடந்தனர். அவர்கள் கதவு தட்டிய வீடுகள் எல்லாம் ஒரே வரலாற்றைச் சுமந்தவை. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் கற்பிட்டித் தீபகற்பத்திலும் புத்தளம் களப்பை அண்டிய மணற்பரப்பிலும் கிடுகு வேய்ந்து குடியமர்ந்தனர். இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் பலர் அங்கேயே இருந்தனர். இடம்பெயர்வில் பிறந்த பிள்ளைகள் வாக்களிக்கும் வயதை எட்டியிருந்தனர்.

அவ்வாய்வில் 18 வயது முதல் 65 வயது வரையிலான 450 பேர் விடை கூறினர். நூற்றுக்கு 18.8 பேரிடம் பொதுவான உளநோய்களுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டது. உடல் நோவாக வெளிப்படும் உளத்துயர் 14.0 வீதம், பெரும் உளச்சோர்வு 5.1 வீதம், பேரிடரின் பின்வரும் அதிர்ச்சி நோய் 2.4 வீதம். வேலையின்மை, துணையை இழந்தமை அல்லது பிரிந்தமை, அடுத்த வேளை உணவுக்கு உறுதியின்மை ஆகிய மூன்றும் நோயோடு கைகோத்தே நின்றன.

எண்களைக் கடந்து, அந்த 450 பேரிடமே என் நினைவு மீண்டும் மீண்டும் செல்கிறது. நிவாரணப் பட்டியல், வாக்காளர் பட்டியல், மீள்குடியேற்றப் பட்டியல் எனத் தம் பெயரை எழுதிக் கொடுத்தே களைத்தவர்கள் அவர்கள். இன்னொரு தாள் வந்தபோது, விடை கூறினால் வீடு கிடைக்கும் என்று நினைத்தவரும், மறுத்தால் உள்ளதும் பறிபோகும் என்று அஞ்சியவரும் அவர்களிடையே இருந்திருக்கக் கூடும். ஆய்வை நடத்திய செஸ்மால் சிறிவர்தன, அதுல சுமதிபால முதலியோர் இத்தகைய சிக்கல்களைக் கண்மூடிக் கடக்கவில்லை. இடம்பெயர்ந்தோரிடம் உளநல ஆய்வு நடத்துகையில் எழும் அறச்சிக்கல்களை 2013இல் தனிக் கட்டுரையாகவே எழுதி வெளியிட்டனர். இக்கரையில் மருத்துவ ஆய்வு பற்றிப் பேசப் புகும் எவரும் அக்கட்டுரையிலிருந்து தொடங்குவதே தகும்.

அந்த ஆய்வு நோயை அளந்தது. மருந்து எதையும் கொடுத்துப் பார்க்கவில்லை. அளந்த நோய்களும் பொதுவானவையே. அவற்றினும் அரிதாய், அவற்றினும் கொடிதாய் வேறொரு நோய் உண்டு. மனச்சிதைவு என்றும் உளப்பிளவு என்றும் அதனை வழங்குவர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோயுடன் வாழ்கின்றனர். பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ இது தலைகாட்டும். பிறர்க்குக் கேளாத குரல் காதில் ஒலிக்கும். அயலார் தமக்கெதிராகச் சூழ்ச்சி செய்கின்றனர் என்ற எண்ணம் அசைக்க முடியாத உறுதியோடு வேர்கொள்ளும். சொல்லும் சிந்தனையும் கோவை இழக்கும். இது நோயின் ஒரு முகம். மற்றொரு முகம் ஓசையற்றது. தோணி ஏறிய பிள்ளை தோணி ஏற மறுப்பான். குளிப்பதும் உடுப்பதும் பேசுவதும் சிரிப்பதும் ஒவ்வொன்றாய் உதிரும். நினைவாற்றலும் கவனமும் தளரும். இன்றுள்ள மருந்துகள் முதல் முகத்தை ஓரளவு வெல்கின்றன. ஓசையற்ற அந்த இரண்டாம் முகத்தின்முன் அவை பெரும்பாலும் தோற்றே நிற்கின்றன. குடும்பங்களை வறுமைக்குத் தள்ளுவதும் அந்த இரண்டாம் முகமே.

நம் கரையில் இந்நோய்க்குப் பெயர்கள் பல. ஒரு வீட்டில் ஜின் பிடித்தது என்பர். மறுவீட்டில் பேய்க்கோளாறு என்பர். தெருவில் ஒரே சொல்லில் விசர் என்பர். ஓதிப் பார்ப்பதும் நூல் கட்டுவதும், முன்னேச்சரக் கோயிலுக்கு நேர்ந்து கொள்வதும், தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தில் மன்றாடுவதும் மருத்துவமனைக்கு முன்னே நிகழ்பவை. இவற்றை இகழ்வது அறிவியலின் வேலையன்று. இந்நாட்டில் அங்கொடை என்ற ஊர்ப்பெயர் அங்குள்ள மனநல மருத்துவமனையால் வசைச்சொல்லாகவே மாறிவிட்டது. அந்தப் பெயருக்கு அஞ்சும் தாய் முதலில் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் செல்வதில் வியப்பொன்றும் இல்லை.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. நான்சி வாக்ஸ்லர் என்னும் சமூகவியலாளர், முதன்முறை மருத்துவமனை புகுந்த இலங்கை மனச்சிதைவு நோயாளிகள் 44 பேரை ஐந்தாண்டு காலம் தொடர்ந்து பார்த்து, 1979இல் தம் முடிவை வெளியிட்டார். தொழில்வளம் மிக்க நாடுகளின் நோயாளிகளைவிட இங்குள்ளோர் நன்றாகத் தேறியிருந்தனர் என்பதே அவர் கண்டது. நோய் வந்து போகும் ஒன்று என்று கருதிய குடும்பமும், நோயாளியை விட்டு விலகாத சுற்றமும் அதற்குக் காரணமாகலாம் என்று அவர் கருதினார். அம்முடிவு பின்னாளில் வாதத்துக்கு உள்ளானது. 44 என்பது சிறிய எண்ணிக்கையே. ஆயினும் இத்தீவின் நோயாளிகள் உலக உளமருத்துவத்தின் பெருவினா ஒன்றுக்கு அன்றே விடை தேடித் தந்தவர்கள் என்பதை மறத்தலாகாது. சென்னையிலும் இத்தகைய பணி நிகழ்ந்தது. 1981, 1982 ஆண்டுகளில் நோய் தொடங்கி மருத்துவம் நாடி வந்த 90 பேரை ஆர். தாராவும் அவருடன் பணியாற்றியோரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து சென்று கண்டனர்.

மருந்தின் வரலாற்றிலும் நம் நிலப்பகுதிக்குப் பங்குண்டு. சிங்களத்தில் ஏகவேரிய என்றும் தமிழில் சர்ப்பகந்தி என்றும் வழங்கும் செடியின் வேரைச் சித்தக் கலக்கத்துக்கு நாட்டு மருத்துவர் நெடுங்காலம் கொடுத்து வந்தனர். 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அதனை மருத்துவ இதழில் எழுதினர். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அவ்வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தனர். 1954இல் நியூயோர்க்கு மாநில மருத்துவமனை ஒன்றில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளிடம் பயன்படுத்திப் பயன் கண்டார். பாரிஸ் நகரில் குளோர்புரோமசீன் அதே 1952இல் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதன் புகழில் ரெசர்பின் மங்கியது. அந்நாளில் மருந்துண்ட நோயாளியிடம், அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்தில் ஒப்புதல் பெறும் வழக்கம் எங்கும் வேரூன்றியிருக்கவில்லை. நியூரம்பர்க்கு நெறிமுறை 1947இலேயே தன்னார்ந்த ஒப்புதலை முதல் விதியாக வைத்தது உண்மை. அது மருத்துவமனைக் கட்டில் வரை வந்து சேரப் பல்லாண்டு பிடித்தது.

குளோர்புரோமசீன் முதல் இன்று கிளினிக்குகளில் கிடைக்கும் மாத்திரையும் ஊசியும் வரை, ஏறத்தாழ எல்லாமே மூளையில் டோபமீன் என்னும் வேதிப்பொருளின் ஒரு வாயிலை அடைத்தே வேலை செய்கின்றன. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கதவையே தட்டிக்கொண்டிருந்தோம். அக்கதவு திறவாத நோயாளிகள் மூவரில் ஒருவர் வரை இருக்கின்றனர். அவர்களுக்கென இருக்கும் குளோசபீன் அடிக்கடி குருதிச் சோதனை வேண்டுவது. வெள்ளணுக்களைக் குறைத்து உயிரையே பறிக்கும் இடர் அதனிடம் உண்டு. 1975இல் பின்லாந்தில் அவ்வாறு மரணங்கள் நேர்ந்தன. அதனால் கைவிடப்படும் நிலைக்குச் சென்ற அம்மருந்தை மீட்டது 1988இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு. வேறு மருந்துகளால் தேறாத 268 பேர் அதில் பங்கு கொண்டனர். குளோசபீன் உண்டவருள் 30 வீதம் பேர் தேறினர். குளோர்புரோமசீன் உண்டவருள் 4 வீதமே. இன்று உலகெங்கும் அம்மருந்தால் வீடு திரும்பியவர் அனைவரும் அந்த 268 பேருக்குக் கடன்பட்டவர்கள்.

ஒப்பீட்டு ஆய்வு ஏன் வேண்டும் என்பதை உடப்புக் கரையின் சம்மாட்டிக்கு விளக்குவது எளிது. புதுக் கரைவலை ஒன்று வாங்குகிறார் எனக் கொள்வோம். நல்ல நாள் பார்த்து, தேர்ந்த ஆட்களைக் கொண்டு, மீன் மொய்க்கும் பாட்டில் புதுவலையை இழுத்துவிட்டு, பழைய வலையை எஞ்சிய ஆட்களிடம் கொடுத்தால், அள்ளியது வலையா, நாளா, ஆளா என்று எவரும் சொல்ல இயலாது. திருவுளச்சீட்டுப் போட்டு, அதே கடலில் அதே நாள்களில் இரண்டு வலையையும் மாறி மாறி இழுத்தால்தான் வலையின் தரம் தெரியும். மருந்தாய்விலும் இதுவே நெறி. யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டே தீர்மானிக்கும். மருத்துவர் விருப்பத்துக்கும் நோயாளி விருப்பத்துக்கும் அங்கே இடமில்லை. புதுமருந்தை ஒத்த தோற்றத்தில் மருந்தற்ற வெறுமாத்திரையும் கொடுக்கப்படலாம். அது யார் கையில் இருக்கிறது என்பதைக் கொடுப்பவரும் அறியார், உண்பவரும் அறியார். நோயாளியைத் தேற்றுவதற்கு என்று நடப்பது மருத்துவம். ஒரு வினாவுக்கு விடை காண்பதற்கு என்று நடப்பது ஆய்வு. ஒரே வெள்ளை அங்கி அணிந்த ஒருவரே இரண்டையும் செய்யும்போது நோயாளிக்கு இவ்வேறுபாடு மறைந்து போகும். ஒப்புதல் பெறுவதில் உள்ள அருமையெல்லாம் இந்த ஒன்றை விளங்க வைப்பதில்தான் இருக்கிறது.

2024 செப்டெம்பர் 26 அன்று அமெரிக்க மருந்து ஆணையம் ஒரு புது மருந்துக்கு இசைவளித்தது. டோபமீன் வாயிலைத் தொடாது, மஸ்கரினிக்கு என்னும் வேறு வாயில்களைத் தூண்டும் மருந்து அது: சனோமெலினும் ட்ரொஸ்பியமும் சேர்ந்த கூட்டு. அதன் பிறப்பைச் சொல்லாமல் செல்ல மனம் ஒப்பவில்லை. 1990களில் முதுமை மறதிநோய்க்கென்று சனோமெலின் சோதிக்கப்பட்டது. 1997இல் வெளியான ஆய்வில் 343 முதியோர் பங்கு கொண்டனர். குமட்டலாலும் வாந்தியாலும் பலர் இடையிலேயே விலகினர். மறதிநோய்க்கு மருந்தாக அது தேறவில்லை. ஆயின் அம்முதியோரை வருத்திய மாயக் குரல்களும் ஐயங்களும் குறைந்தன என்பது ஏட்டில் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவே பின்னாளில் மனச்சிதைவுக்கான ஆய்வுக்கு வித்தாயிற்று. மூளைக்குள் புகாமல் உடலில் மட்டும் தங்கும் ட்ரொஸ்பியத்தைச் சேர்த்துக் குமட்டலைக் குறைக்க வழி கண்டனர். தோற்ற ஆய்வு ஒன்றில் வயிறு குமட்டத் துன்புற்ற முதியவர்களே, தாம் அறியாமலே, முற்றிலும் வேறொரு நோய்க்கு மருந்து தந்தவர்கள்.

அந்தக் கூட்டு மருந்தின் இரண்டாம் பெரும் ஆய்வு அமெரிக்காவின் 22 மருத்துவமனைகளில் 252 நோயாளிகளிடம் நிகழ்ந்தது. ஐந்து வாரம் அவர்கள் மருத்துவமனையிலேயே தங்கினர். முன்பு உண்ட மருந்துகளை நிறுத்தினர். சீட்டு விழுந்தபடி பாதிப்பேர் புதுமருந்தும் பாதிப்பேர் வெறுமாத்திரையும் உண்டனர். நோயின் கடுமையை 30 கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளியிடும் அளவுகோல் ஒன்று உண்டு. புதுமருந்து உண்டோரிடம் அது 21.2 புள்ளி குறைந்தது. வெறுமாத்திரை உண்டோரிடம் 11.6 புள்ளி குறைந்தது.

இரண்டாவது எண்ணை நின்று பார்க்க வேண்டும். மருந்தே இல்லாத மாத்திரையை உண்டவரும் 11.6 புள்ளி தேறியிருக்கின்றனர். கடுமையாக இருக்கையில் சேர்க்கப்பட்ட நோய் தானே சற்றுத் தணிந்ததும் அதில் அடங்கும். தேறுவர் என்று எதிர்பார்த்த மதிப்பீட்டாளரின் சாய்வும் அடங்கக் கூடும். அவற்றோடு, நாள்தோறும் ஒருவர் வந்து அமர்ந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும் அடங்கும் என்றே நான் கருதுகிறேன். வேளைக்கு உணவும் அமைதியான கட்டிலும் செவிமடுக்கும் ஆளும் சிறு காரியங்கள் அல்ல.

நல்லது, மருந்து வந்துவிட்டது. இனி அதை இறக்குமதி செய்து கொடுத்தால் போதாதா, இங்கே ஆய்வு எதற்கு என்று கேட்கலாம். புத்தளத்து உப்பளத்தில் நண்பகலில் உப்பு வாரும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ட்ரொஸ்பியம் வியர்வையைக் குறைக்கும் இயல்புள்ளது. வெப்பம் மிகுந்த இடத்தில் உடற்சூடு ஏறி மயங்கி விழும் இடர் உண்டு என்பது அதன் எச்சரிக்கைகளில் ஒன்று. குளிரூட்டிய மருத்துவமனையில் ஐந்து வாரம் தங்கியவரிடம் இது எப்படித் தெரியவரும்? மேலும் அம்மருந்தை நாளுக்கு இருமுறை, உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னரோ இரண்டு மணி நேரம் பின்னரோ உண்ண வேண்டும். நோன்பு மாதத்தில் சஹருக்கு முன் எத்தனை மணிக்கு எழுவது, நோன்பு திறந்தபின் எப்போது உண்பது, இரண்டு வேளைக்கும் இடையே நாள் முழுதும் நீளும் இடைவெளியில் மருந்தின் அளவு குருதியில் என்னாகும் என்பன கற்பிட்டிக்கு உயிர்வினாக்கள். பழைய மருந்துகளிலும் இவ்வகைச் சிக்கல் உண்டு. உறக்கத்தைக் கூட்டும் மாத்திரையை இரவில் உண்டவர் எந்த விழிப்போடு கடலுக்குப் போவது? பருவக்காற்று மாறும்போது வாடி மாற்றி வேறு கரைக்குச் செல்லும் குடும்பம் மாதாந்தக் கிளினிக்குக்கு எங்ஙனம் வருவது? இவ்வினாக்களுக்கு விடை இக்கரையின் உடல்களிலும் இக்கரையின் வாழ்விலுமே கிடைக்கும். பிறர் உடலில் கண்ட விடையை வாங்கி உடுத்திக்கொண்டால் அது நமக்குப் பொருந்தியும் போகலாம், பொருந்தாமலும் போகலாம்.

பொருத்திப் பார்த்த ஆய்வு ஒன்று நம் மொழி வழங்கும் மண்ணிலேயே நடந்திருக்கிறது. சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், கோவாவிலும் மராட்டியத்தின் சாத்தாராவிலும் இருந்த குழுக்களுடன் சேர்ந்து இதை நடத்தியது. 2009 தொடக்கம் முதல் 2010 இறுதி வரை 282 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். அங்கே சோதிக்கப்பட்டது புதுமாத்திரை அன்று, மனிதர். 95 பேர் வழக்கம்போல மருத்துவரிடம் சென்று மருந்து பெற்றனர். 187 பேருக்கு அத்துடன் உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து சென்றார். குறைந்தது பத்தாண்டு பள்ளிக்கல்வியும் பழகும் பண்பும் உடைய சாதாரண ஊரவரைப் பயிற்றி அனுப்பினர். நோய் இன்னதென்று அவர் குடும்பத்துக்கு விளக்கினார். மருந்தை விடாது உண்ண வழி சொன்னார். உடல்நலம் பேண, வேலைக்குத் திரும்ப, அரசு உதவி பெறத் துணை நின்றார். ஓராண்டு கழித்து 253 பேரை மீண்டும் கண்டு அளந்தனர்.

2014இல் லான்செட் இதழில் வெளிவந்த முடிவு மிகைப்படுத்தாதது. நோய்க்குறிகள் 20 வீதத்துக்கு மேல் குறைந்தோர் இரு பிரிவிலும் 51 வீதமாகவே இருந்தனர். சராசரிப் புள்ளியில் வீட்டுக்கு ஆள் சென்ற பிரிவு சற்று மேம்பட்டது. அன்றாட வாழ்வில் செயலிழக்கும் நிலை அப்பிரிவில் தெளிவாகக் குறைந்தது. அயலார் இழிவும் பராமரிப்போர் சுமையும் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. மருத்துவச் சேவை அருகிய ஊர்ப்புறங்களில் இம்முறையை முதற்சேவையாகத் தொடங்கலாம் என ஆய்வாளர் கூறினர். நோயின் இரண்டாம் முகத்தை, மருந்துகள் தோற்ற அந்த ஓசையற்ற முகத்தை, சிறிதளவேனும் அசைத்தது வீட்டு வாசலில் வந்து நின்ற ஓர் ஊர்க்காரர் என்பது என் உள்ளத்தைத் தொட்ட செய்தி. நம் கற்பிட்டியிலும் முந்தலிலும் சிலாபத்திலும் அத்தகைய ஊர்க்காரருக்குப் பஞ்சமில்லை. இக்கரைக்கு வரத்தக்க முதல் மனச்சிதைவு ஆய்வு இதுவே என்பது என் துணிபு. தமிழும் சிங்களமும் ஒருங்கே வழங்கும் இம்மாவட்டத்தில் அதன் விடை வேறாகவும் இருக்கலாம்.

ஆய்வு எப்போதும் புதியதற்கு மாலை சூட்டுவதில்லை; பழைய பழக்கத்தை உரைத்துப் பார்ப்பதும் உண்டு. 2002 மார்ச்சு முதல் 2004 ஒக்டோபர் வரை இலங்கையின் மூன்று மருத்துவமனைகளில் நஞ்சருந்தி வந்த 4,632 பேர் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். நஞ்சை உறிஞ்சும் என்று நம்பிக் கொடுக்கப்பட்டு வந்த கரித்தூள் உண்மையில் உயிர் காக்கிறதா என்பது வினா. பலமுறை கரித்தூள் பெற்றோரும் ஒன்றும் பெறாதோரும் ஏறத்தாழ ஒரே அளவில் மாண்டனர் என்பது விடை. துயரத்தின் உச்சத்தில் நஞ்சை அருந்தி வந்த நம் நாட்டு மக்கள், உலக மருத்துவத்தின் ஒரு பழக்கத்தையே மறுசிந்தனைக்கு உள்ளாக்கினர்.

இனி ஒப்புதலுக்கு வருவோம். மனச்சிதைவு உள்ளவர் சிந்தை கலங்கியவராயிற்றே, அவர் ஒப்புதல் செல்லுமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்தில் இதையே சோதித்தனர். ஆய்வு பற்றி முதலில் ஒருமுறை விளக்கியபோது நோயாளிகளின் புரிதல் நோயற்றோரைவிடக் குறைவாகவே இருந்தது. மீண்டும் மீண்டும், பல வழிகளில், பொறுமையாக விளக்கிய பின் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. குறை நோயாளியிடம் இருப்பதினும் விளக்குபவரின் அவசரத்தில் மிகுதி என்பதே நான் இதிலிருந்து கொள்ளும் பொருள். நோயின் உச்சத்தில் இருப்பவரிடம் கேட்கலாகாது; தெளிந்த நேரம் பார்த்துக் கேட்க வேண்டும்; இன்று கேட்டதை அடுத்த வாரம் மறுபடி கேட்க வேண்டும். நம் குடும்பங்களில் உம்மாவோ மூத்த காக்காவோ அண்ணனோ முடிவெடுத்துவிடுவது வழக்கம். அவர்களின் அறிவுரை வேண்டியதே. நோயாளியின் வாய்ச்சொல்லுக்கு மாற்றாக அது நிற்கலாகாது. பள்ளிவாசல் தலைவரோ பங்குத்தந்தையோ மீனவர் சங்கத் தலைவரோ நல்லெண்ணத்தோடு ஊரையே சேர்த்துவிட முனைந்தாலும் அங்கே ஒப்புதல் இல்லை.

மறுக்கும் உரிமை பறிபோன இடத்தில் நேர்ந்த கேடு உலகறிந்தது. 2003 இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் இளைஞர் ஒருவர் மருந்தாய்வில் சேர்க்கப்பட்டார். மருத்துவத் திட்டத்தைப் பின்பற்றாவிடில் கட்டாயமாக மனநல மருத்துவமனையில் அடைக்கப்படலாம் என்ற நீதிமன்ற நிலை அப்போது அவர் தலைமேல் தொங்கியது. மகன் நலம் குன்றுகிறான் என்று தாய் திரும்பத் திரும்ப எழுதினார். 2004 மே மாதம் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பதினோராண்டு கழித்து, 2015இல், அப்பல்கலைக்கழகம் உளமருத்துவ மருந்தாய்வுகளுக்கு ஆள் சேர்ப்பதை நிறுத்தி வைத்து விதிகளைத் திருத்தியது. வளம் மிக்க நாட்டில், சட்டமும் குழுக்களும் நிறைந்த இடத்தில் இது நடந்தது.

நம் நாட்டில் காவல் ஏதும் இல்லையென்று சொல்லமுடியாது. 2006இல் இலங்கை மருத்துவச் சங்கம் மருந்தாய்வுப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது; அதை எவரும் பார்க்கலாம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை அமைத்தது. அறநெறிக் குழுவின் ஒப்புதல் இன்றி ஆய்வு தொடங்கலாகாது. மனநோயாளிகள் தொடர்பான நம் பழைய சட்டமோ 1873இல் ஆங்கிலேயர் இயற்றியது. ஆய்வுக்கு நோயாளியின் ஒப்புதல் என்ற எண்ணமே அன்று பிறக்கவில்லை. இந்தியா தன் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் ஆய்வுக்கான ஒப்புதலைத் தனிப்பிரிவாகவே எழுதி வைத்தது. நமக்கும் அவ்வாறொரு பிரிவு வேண்டும்.

ஆய்வு முடிந்தபின் என்ன என்பதும் ஒப்புதலின் பகுதியே. அந்தப் புதுமருந்துக்கு 2024இல் அமெரிக்காவில் குறித்த விலை மாதம் 1,850 டொலர். இலவசக் கிளினிக்கை நம்பியிருக்கும் ஒருவர் ஓராண்டு அதை உண்டு தேறி, ஆய்வு முடிந்த நாளில் வெறுங்கையோடு வீடு திரும்புவாரானால் அது கொடுமை. மருந்து பலித்தால் பங்கு கொண்டவருக்கு அது தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதை ஆய்வு தொடங்குமுன்னரே எழுத்தில் உறுதிசெய்தல் வேண்டும். 2022இல் சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்த நாடு இது.

இவ்வளவும் சொன்னது முன்வராதீர்கள் என்று தடுப்பதற்கன்று. முன்வருங்கள். முன்வந்தவர்களால்தான் குளோசபீன் மீண்டது. முன்வந்தவர்களால்தான் புது வாயில் திறந்தது. ஆனால் கேட்டுவிட்டு முன்வருங்கள். என் பழைய மருந்தை நிறுத்துவீர்களா, வெறுமாத்திரை விழுந்தால் எத்தனை வாரம், நடுவில் நோய் முற்றினால் இரவில் யாரைக் கூப்பிடுவது, நோன்பு நாளிலும் கடற்றொழில் நாளிலும் என்ன செய்வது, ஊறு நேர்ந்தால் செலவு யாருடையது, பாதியில் விலகினால் என் கிளினிக் கொப்பியில் ஏதேனும் மாறுமா என்று கேளுங்கள். கடைசி வினாவுக்கு மாறாது என்ற ஒரே விடைதான் செல்லும். வேறு விடை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தாள் உங்களுக்குப் புரியும் தமிழில் இல்லையென்றால் புரியும் தமிழில் கொண்டுவரச் சொல்லுங்கள். அன்றே கையொப்பமிட வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுசென்று வாசித்து, நம்பிக்கையானவரிடம் காட்டி, மறுவாரம் வரலாம். கையொப்பமிட்ட தாளின் ஒரு படி உங்களுக்குரியது. அதை வாங்காமல் அந்த அறையைவிட்டு வராதீர்கள்.